ஒழுகாத மரகதம்

இப்போது வருகிற கார்கள் தங்கள் கோளாறைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஒரு சின்னக் கருவியைச் செருகினால் திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடுகின்றன. குரோம்பேட்டையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் சில மாதங்களுக்கு முன் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வேலை செய்பவர்கள், "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். என் பணிக்காலத்தின் முதல் பாதியில் வண்டியில் கோளாறு இல்லை என்று கையெழுத்துப் போட்டேன், இரண்டாம் பாதியில் கோளாறு இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன், இரண்டு பாதியிலும் வண்டி ஒன்றேதான் என்றேன். நான் ஜோக்கடிப்பதாக நினைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்ததும் தாம்பரத்தைத் தாண்டி இருந்த மரகதம் மோட்டார் கம்பெனியில் சேர்ந்தேன். கொஞ்ச காலம் நட்டு முடுக்கினேன், கொஞ்ச காலம் கதவு மாட்டினேன், பிறகு கடைசிப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். கம்பெனி ஒரே ஒரு கார்தான் செய்தது. அதற்கும் மரகதம் என்றே பெயர். பெயர்தான் மரகதம். வண்டி வெள்ளையிலும் சாம்பலிலும் மட்டுமே வரும்.

மரகதத்துக்குச் சில பழக்கங்கள் இருந்தன. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் ஹாரன் அடிக்கும். மழை பெய்தால் எத்தனை இறுக்கமாக மூடியிருந்தாலும் ஓட்டுகிறவரின் இடது முழங்காலில் மட்டும் சொட்டும். அந்தப் பிரிவில் சேர்ந்த புதிதில் இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன்.

தொழிற்சாலையின் மேலாளர் துரைசிங்கம் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சித்திரை வெயிலிலும் டை கட்டுகிறவர். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். வண்டியின் மீது கை வைக்குமுன் கைக்குட்டையை நான்காக மடித்து பானட்டில் போட்டு, அதன் மேல்தான் உள்ளங்கையை வைப்பார். அப்படி வைத்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ்டர் தனசேகர், ஒரு வண்டியில இருந்தா அது டிஃபெக்ட். எல்லா வண்டியிலயும் இருந்தா அது மாடல்."

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசி வாரத்தில் தலைமை அலுவலகம் கேட்ட எண்ணிக்கை வெளியே போயாக வேண்டும். சார் வரிசையின் முனையில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒயர் இழுக்கிறவன் கை தன்னாலே வேகமாகும். ரப்பர் ஒட்டுகிறவன் பசை காய்வதற்குள் அடுத்த வண்டிக்குப் போவான். மற்ற வாரங்களில் பொருள் வராது. ஆகவே எங்கள் கார்கள் அத்தனையும் கடைசி வாரத்தில் பிறந்தவை.

எண்பதுகளின் நடுவில் கம்பெனி மூடிவிட்டது. வண்டி வாங்கியவர்கள் உதிரிப் பாகத்துக்கு அலைந்தார்கள். அவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அஸ்தினாபுரத்தில் துரைசிங்கம் சாரின் வீடு. அங்கேதான் மரகதம் மோட்டார் வரலாற்றுச் சங்கம் உருவானது. சார் தலைவர். ஒரு பல் டாக்டர், ஒரு கல்லூரி விரிவுரையாளர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். பக்கத்துத் தெருவில் மரக்கடைக் கொட்டகை ஒன்று காலியாக இருந்ததை எடுத்துக்கொண்டோம். சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். பதவி, பரிசோதகர்.

சங்கத்தின் முதல் விதி, வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது. முதல் கூட்டத்தில் பல் டாக்டர், "வைப்பர் விஷயமும் அப்படியேவா சார்?" என்று கேட்டார்.

"அது வைப்பர் விஷயம் இல்லை டாக்டர். அது மரகதத்தோட குணம்" என்றார் சார்.

அன்றிலிருந்து அவற்றுக்குக் குணங்கள் என்று பெயர். என் வேலை குணப் பரிசோதனை.

முறை இதுதான். உரிமையாளர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். இரண்டு முழங்காலிலும் மை ஒற்றும் தாளைப் போர்த்துவேன். செடிக்கு ஊற்றுகிற பூவாளியில் தண்ணீர் பிடித்து, முன் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து மழை மாதிரி ஊற்றுவேன். வேகமாக ஊற்றக் கூடாது, அது புயல் ஆகிவிடும். சார் எதிரே குடை பிடித்து நிற்பார், வெயிலாக இருந்தாலும். "மழைன்னா மழை மாதிரி இருக்கணும்" என்பார். பூவாளி காலியானதும் தாளை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவேன். இடது தாள் நனைந்து வலது தாள் காய்ந்திருந்தால் தேர்ச்சி. இரண்டும் நனைந்திருந்தால், வண்டி வெறுமனே பழசாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து வேறு.

விரிவுரையாளர் ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் ஒழுகுகிற இடத்தைப் புட்டிப் பசை வைத்து அடைத்துவிட்டார். இரண்டு தாளும் காய்ந்திருந்தன. சார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "புரொபசர், நீங்க வரலாறு நடத்துறவர்" என்று மட்டும் சொன்னார். வண்டி மறுபடி ஒழுகும்வரை அவரைச் சங்கத்திலிருந்து நிறுத்தி வைத்தோம். ஐப்பசி மழையில் அவர் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டார். "சார், ஒழுகுது" என்றார். சார் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்.

வருடம் ஒரு முறை அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம்வரை ஊர்வலம். வழியில் நின்றுபோகிற வண்டிக்குக் கைதட்டுவோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சரோஜா அம்மாள் கொட்டகைக்கு வந்தார். அனகாபுத்தூர்க்காரர். நெசவாளர்களிடம் கைலியும் சேலையும் வாங்கி, தானே காரில் போட்டு ஓட்டிக்கொண்டு போய் பாரிமுனைக் கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததில் வண்டியின் ஆர்.சி. புத்தகம் போய்விட்டது. புதிது கேட்டதற்கு, ஆர்.டி.ஓ. ஆபீசில் கம்பெனியிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்களாம். கம்பெனி இல்லை. அப்படியானால் மரகதம் சங்கத்தின் சான்றிதழ் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சான்று கிடைக்காவிட்டால் காரைத் தெருவில் எடுக்க முடியாது. காரை எடுக்க முடியாவிட்டால் அவரை நம்பியிருக்கும் தறிகளின் துணி கடைக்குப் போகாது.

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அது பச்சை.

"இன்னா சார் அப்டிப் பாக்கறீங்க?" என்றார் சரோஜா அம்மாள். "எங்க வூட்டுக்காரர் வாங்கும்போதே இந்தக் கலர்தான்."

சார் அதைப் பிற்காலத்தில் யாரோ அடித்த வண்ணம் என்று எடுத்துக்கொண்டார். பரிசோதனையைத் தொடங்கச் சொன்னார். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். இண்டிகேட்டர் எரிந்தது, வைப்பர் அசையவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வேறொன்றும் நடக்கவில்லை. தாளைப் போர்த்தி பூவாளியால் ஊற்றினேன். இன்னொரு பூவாளி. அதற்கு மேல் இன்னொன்று.

"வண்டி கழுவணும்னா சொல்லியிருந்தா நானே கழுவினு வந்திருப்பேனே சார்" என்றார் உள்ளே இருந்தபடி.

இரண்டு தாளும் மொறமொறவென்று இருந்தன. சார் குடையை மடக்கினார்.

"மன்னிக்கணும்மா. இது மரகதம் இல்லை."

"அப்ப இது இன்னாது?"

"அது எனக்குத் தெரியலை."

"நல்லா ஓடுதுன்னா தள்ளுபடி பண்றீங்க?"

"ஓடுறது ஒரு தகுதி இல்லைம்மா" என்றார் சார், மிகவும் கனிவாக.

அந்தக் கார் என்ன என்பது எனக்குத் தெரியும். ஒரு வருடம் துரைசிங்கம் சார் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். அவர் இடத்தைத் துணை மேலாளர் ஒருவர் பார்த்துக்கொண்டார். பயந்த மனிதர். சார் திரும்பி வந்து ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை செய்ய வைத்தார். பசை காயும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். சாம்பல் பெயிண்ட் தீர்ந்தபோது, கம்பெனி பெயர் மரகதம்தானே என்று பச்சை வாங்கினார். கொஞ்சம் வண்டிகள்தான் வெளியே போயின. கடைசிப் பரிசோதனையில் எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. சார் திரும்பி வந்தபோது கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தார். "பச்சை வேண்டாம்" என்றார். துணை மேலாளரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். அந்த வண்டிகளில் ஒன்றிலும் சார் ஏறிப் பார்த்ததில்லை, காலப்போக்கில் அப்படி வண்டிகள் வந்ததையே மறந்துபோனார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாள் அனகாபுத்தூருக்குப் போய், ஆற்றோரச் சந்தில் இருந்த வீட்டில் உட்கார்ந்து சரோஜா அம்மாளிடம் முழுக்கச் சொன்னேன்.

"அதை அவராண்ட சொல்லேன்" என்றார்.

"'நீங்க இல்லாதப்ப செஞ்சதாலதான், சார், வண்டி நல்லா இருக்கு'ன்னு எப்படிம்மா சொல்றது?"

காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "பாவந்தான்" என்றார். பிறகு, "அப்ப ஒண்ணு பண்ணு. ஒரு நாளைக்கு ஒழுக வுடு. சர்டிபிகேட்டு வாங்கினு சரி பண்ணிக்கலாம்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த நேரத்தில் ஒரு பெரியவரின் மனதை நோகடிப்பதைவிட ஒரு நல்ல காரைக் கெடுப்பது மரியாதையாகத் தோன்றியது.

பக்கிரிசாமியைக் கூட்டிவந்தேன். தொழிற்சாலையில் ஒயரிங் பார்த்தவன், அப்போது பம்மலில் மிக்சி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். மரகதத்தின் வைப்பர் பழக்கம் அவன் கையால் வந்ததுதான். "அது இன்னாண்ணா பெரிய விஷயம்" என்று டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தான். வெளியே வந்து இண்டிகேட்டரைப் போட்டான். வைப்பர் ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. மறுபடி படுத்தான். இப்போது ஹாரன் அடித்தால் உள்விளக்கு எரிந்தது. நான் கண்ணாடி ரப்பரை உளியால் நெம்பி இடைவெளி உண்டாக்கினேன். தண்ணீர் ஊற்றினோம். பின் இருக்கையில் ஒழுகியது.

"பின்னாடி எப்டிடா போச்சு?" என்றேன்.

"தெரிலண்ணா."

மறுபடி நெம்பினேன். ஒழுகுவது மொத்தமாக நின்றுவிட்டது. சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வண்டியை ரிப்பேர் செய்கிறோம் என்று நினைத்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கிரிசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணா, அந்தக் காலத்துல நாம இன்னாதான் பண்ணினு இருந்தோம்?"

வேண்டாம் வேண்டாம் என்றபோது நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஒரே மாதிரி வந்தது, வேண்டும் என்று கூப்பிட்டபோது வரவில்லை. சரோஜா அம்மாள் வெளியே வந்து, "ரெண்டு பேரும் இனிமே என் வண்டிய தொடாதீங்க. இருந்த மாதிரி வச்சிட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டு வந்தோம்.

ஆனால் மறுபரிசோதனைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். சார், தானே நேரில் பார்ப்பதாகச் சொன்னார். தன் வெள்ளை மரகதத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பல்லாவரம் தாண்டிப் பம்மலில் வண்டி நின்றுவிட்டது. சார் கைக்குட்டையை மடித்து பானட்டில் வைத்து, "இங்கேதான் நிக்கும்னு நினைச்சேன்" என்றார். ஆட்டோ பிடித்து அனகாபுத்தூர் போனோம்.

அன்று அவர் பூவாளி கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, கதவுக் கீலுக்குப் பின்னால், யாரும் மறுபடி பெயிண்ட் அடிக்க முடியாத இடத்தில், நகக்கண் அளவுக்குச் சுரண்டினார். பச்சை. அதற்குக் கீழே செங்காவி பிரைமர் பூச்சு. அதற்குக் கீழே தகடு. வேறு நிறமே இல்லை. கத்தியை மடக்கினார். என்னைப் பார்த்தார். நான் ஆற்றுப் பக்கம் பார்த்தேன்.

"ஏறுங்க சார், நானே வுட்டுடறேன்" என்றார் சரோஜா அம்மாள். "வழியில நிக்கற உங்க வண்டியயும் கட்டி இழுத்துக்கலாம்."

அப்படித்தான் திரும்பினோம். பச்சை மரகதத்தில் முன் இருக்கையில் சார். கயிற்றின் மறுமுனையில் வெள்ளை மரகதத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் என் வண்டி ஹாரன் அடித்தது. இண்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கியபோதெல்லாம் வைப்பர் ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு கண்ணாடிகளைத் தாண்டி சாரின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

உள்ளே என்ன பேசினார்கள் என்று பிறகு சரோஜா அம்மாள் சொன்னார். குரோம்பேட்டைவரை சார் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாராம். பிறகு, "இது ஏன் சத்தம் போடலை?" என்று கேட்டாராம்.

"எது சார் சத்தம் போடணும்?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செய்தி அதற்குள் எல்லோருக்கும் எட்டிவிட்டது. பல் டாக்டர்தான் முதலில் எழுந்தார். நல்ல மனிதர், அன்று முகம் வெளிறிப் போயிருந்தது.

"சார், இதை அசல்னு ஒத்துக்கிட்டா எங்க வண்டியெல்லாம் என்ன? வெறும் ரிப்பேர் வண்டியா?"

ஒவ்வொருவரும் தன் இடது முழங்காலை எத்தனை மழையில் நனைத்துக் காப்பாற்றிய வண்டி. விரிவுரையாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் எழுந்தார். டையைச் சரிசெய்தார்.

"அந்த வண்டி அசல் மரகதம். நான் மஞ்சள் காமாலையில படுத்திருந்தப்போ செஞ்சது." கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். "நான் அங்கே இல்லாததால அது அப்படி வந்திருக்கு. மிஸ்டர் தனசேகருக்கு இது முதல்லயே தெரியும். என் மேல இருக்கிற மரியாதையில சொல்லலை."

குரல் எப்போதும்போல் இருந்தது. உட்காரும்போதுதான் நாற்காலியின் கையைத் தேடிப் பிடித்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொடுத்தேன்.

அன்று மாலையே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். சரோஜா அம்மாளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. ஆனால் சங்கம் அதோடு விடவில்லை. இரண்டு கூட்டம் போட்டு விவாதித்து, பச்சை வண்டி அசல்தான், ஆனால் மரகதத்தின் குணத்தைப் பிரதிபலிக்கவில்லை, ஆகவே உறுப்பினராகச் சேர்க்க முடியாது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். சார் தலைவர் பதவியிலிருந்து விலகினார். மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, கண்ணீரோடு வழியனுப்பினார்கள். தன் வெள்ளை மரகதத்தைச் சங்கத்துக்கே காட்சிப்பொருளாகக் கொடுத்துவிட்டார். அது எப்படியும் அன்றைக்குக் கிளம்பியிருக்காது.

அடுத்த மாதம் அவர் இன்னொரு சங்கம் பதிவு செய்தார். உறுப்பினர்கள் சாரும் சரோஜா அம்மாளும். வண்டி ஒன்று. பரிசோதகர் நான். பழைய சங்கத்திலும் நானே பரிசோதகராகத் தொடர்ந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. காலையில் ஒரு கொட்டகையில் ஒழுகுகிறது என்று சான்று கொடுத்துவிட்டு, மாலையில் அனகாபுத்தூர் சந்துக்குப் போய் ஒழுகவில்லை என்று சான்று கொடுப்பேன். எனக்கு இரண்டும் ஒரே அளவு சிரமமாக இருந்தது.

பதிவு பெற்ற சங்கம் என்றால் ஊர்வலம் வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும். பழைய சங்கத்தின் அறிக்கை ஒரு சின்னப் புத்தகமாக இருக்கும். எந்த வண்டி எங்கே நின்றது, யார் தள்ளினார்கள், எந்தக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம், எல்லாவற்றையும் சாரே எழுதுவார், விடிய விடிய. புதிய சங்கத்தின் முதல் ஊர்வலம் அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் போய்த் திரும்புவது. சரோஜா அம்மாள் ஓட்டினார், சார் முன்னால், நான் துணி மூட்டைகளுக்கு நடுவில் பின்னால். தாம்பரத்தில் ஒரு டீ குடித்தோம்.

மறுநாள் சாரின் வீட்டுக்குப் போனேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக அப்படியே இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வைத்திருந்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. தாளை என்னிடம் நீட்டினார்.

"ஏதாவது விட்டுப்போச்சா பாருங்க."

அதில் மூன்றே வரிகள். வண்டி புறப்பட்டது. தாம்பரம் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தது.

"இல்லை சார். நடந்தது அவ்வளவுதான்."

"வாய்விட்டுப் படிங்க" என்றார்.

படித்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை" என்றார்.